சின்னிக்குத் துணை

நாற்பத்தாறு வயதில் சுதர்சினிக்குப் பொம்மைப் பைத்தியம் திரும்பி வந்தது. பண்டாரவளைச் சந்தையில் ஷிராஸ் என்பவர் பழைய சாமான் விற்பார். ஓட்டைக் கேத்தல், கைப்பிடி போன சூட்கேஸ், யாரோ மண்டையைப் போட்ட வீட்டிலிருந்து வந்த சுவர்க்கடிகாரம். அந்தக் குவியலுக்கு நடுவே ஒரு கை இல்லாத பொம்மை குப்புறக் கிடந்தது. காய்கறி வாங்கப் போனவள் அதை நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்தவளுக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. கரட்டும் லீக்ஸும் மறந்தே போயின.

பிறகு ஞாயிறு தவறாமல் பண்டாரவளைதான். மகன் துவாரகன் கொழும்புக்கு வேலைக்குப் போனதில் காலியாய்க் கிடந்த அறை பொம்மைகளின் அறையாயிற்று. பதுளைக் கடைத்தெருவில் கணவனோடு பாடசாலைப் பைக்கடை நடத்துகிறவளுக்குத் துணிக்கா பஞ்சம்? பொம்மைகளுக்கு ஷாம்பு போட்டுத் தலை அலசினாள், சிக்கெடுத்தாள், மிஞ்சிய பைத்துணியில் சட்டை தைத்துப் போட்டாள்.

கணவன் இந்திரஜித் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டான். "இதெல்லாம் வரப்போற பேரப்புள்ளைக்கா?"

"எனக்குத்தாங்க."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். வாய்விட்டு எனக்கு என்று சொன்னதில் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனாலும் அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் மறுவேலை பார்ப்பாள். வீட்டில் அம்மா இருந்தாளே.

அம்மா பரிமளம் நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவள். போன மழையில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் சுவர் வெடித்தபோது சுதர்சினி கையோடு கூட்டி வந்துவிட்டாள். வந்த இடத்தில் ஞாபகம் தேயத் தொடங்கியது. சில நாள் மகளை அடையாளம் தெரியும். சில நாள் தோட்டத்து மருந்துக்கூடத் தாதி என்று நினைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, கால் வீங்கிக் கெடக்கு, பாருங்க" என்று நீட்டுவாள். எல்லாம் மறந்தவளுக்கு ஒரு பேச்சு மட்டும் மறக்கவில்லை.

அந்தப் பேச்சு சுதர்சினியின் ஒன்பதாவது வயதில் பிறந்தது. அப்போது அவளிடம் ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பொம்மைகள் இருந்தன. துரையின் பங்களாவில் வேலை செய்த பக்கத்து வீட்டு அக்கா, அங்கே குப்பைக்குப் போவதையெல்லாம் இவளுக்குக் கொண்டுவந்து தருவாள். காலையில் அவற்றை வரிசையாக நிறுத்திவைத்து, கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லி வேலைக்குப் பெரட்டுக் கூப்பிடுவாள். முழுசாய் இருப்பதற்கு ஒரு நாள் கூலியான முழுப்பேர், கையோ காலோ போனதற்குப் பாதிக் கூலியான அரைப்பேர் என்று கறாராகச் சம்பளமும் போடுவாள். அந்தக் கூட்டத்துக்கே ராணி ஒன்று இருந்தது. மஞ்சள் முடி, படுக்க வைத்தால் கண்ணை மூடும். தங்கை சின்னிக்குக்கூட அதைத் தொட அனுமதியில்லை.

சின்னி நான்கு வயதில், ஒரு சனிக்கிழமை விடியலில், வயிற்றோட்டத்தில் போய்விட்டாள். சனிக்கிழமை செத்தவர் துணை தேடுவார், தனியே அனுப்பினால் அந்த வீட்டிலிருந்தே இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வார் என்று லயத்தில் எல்லோருக்கும் பயம். அதனால் கூடவே ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். அந்த நேரம் பார்த்துச் சீக்கு வந்து லயத்துக் கோழியெல்லாம் செத்திருந்தது.

"உசிரு இல்லாட்டியும் உருவம் இருந்தா போதும்" என்றார் பக்கத்து லயத்து மாடசாமி. அம்மா தகரத்தைத் திறந்தாள். ராணியை எடுத்துச் சின்னியின் பெட்டிக்குள் வைத்தாள்.

அதுவரை பேச்சுமூச்சில்லாமல் நின்ற சுதர்சினி, பெட்டியை மூடியதும்தான் கத்தினாள். "என் பொம்மைய குடுங்க." பெட்டிக்குப் பின்னாலேயே லயத்துக் கோடிவரை கத்திக்கொண்டு ஓடினாள். பெண்கள் குழிக்குப் போகக்கூடாது என்று அங்கே பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

"தங்கச்சி செத்ததுக்கு அழாம பொம்மைக்கு அழுதவ." அம்மா அதை அன்றைக்குச் சொன்னாள். சுதர்சினி பெரியவளானபோது சொன்னாள், கல்யாணப் பந்தலில் சொன்னாள், அப்பா செத்த அன்று கண்ணீர் வராமல் நின்றவளைக் காட்டி வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். பொம்மைத் தகரத்தை அப்போதே ஆற்றில் விட்ட சுதர்சினி, பெற்ற மகனுக்குக்கூட ஒரு பொம்மை வாங்கித் தரவில்லை. அம்மா கண்ணை மூடுமுன் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஒரு ஞாயிறு, ஷிராஸ் பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன் தங்கச்சி."

மஞ்சள் முடி. சாய்த்தால் கண்ணை மூடியது. பஸ்ஸில் பதுளை வரும்வரை அதை மடியில் வைத்து நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்துச் சீட்டுப் பெண் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. பொம்மையை முன்னறைக் கதிரையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது அது அம்மாவின் கையில் இருந்தது.

"இது எப்படி வந்துச்சு?"

"பண்டாரவளையில வாங்குனேம்மா. இது வேற பொம்மை."

"எனக்குத் தெரியாதா? இந்தக் கையாலதான பெட்டியில வச்சேன்." அம்மாவின் உதடு கோணியது. "இது இங்க வந்துருச்சுன்னா, அங்க புள்ள தனியாவா கெடக்குறா?"

அன்று அம்மா சோறு தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. எத்தனை சொல்லியும் ஏறவில்லை. "சின்னி தனியா கெடக்குறா, கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று வீட்டில் நடமாடுகிறவரையெல்லாம் கெஞ்சினாள். இந்திரஜித் கஞ்சியை நீட்டினால் கையைத் தட்டிவிட்டாள். சுதர்சினிக்கு ஆத்திரம் வந்தது. இரண்டாம் தடவையும் என் பொம்மைதானா என்று பல்லைக் கடித்தாள். கடித்தும் என்ன, பெற்றவளைப் பட்டினி போட முடியுமா?

செவ்வாய்க்கிழமை பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் பஸ் ஏறினாள். மாடசாமி இப்போது கோலூன்றி நடக்கிற கிழவர். காரணத்தைக் கேட்டுவிட்டு முன்னே நடந்தார். லயத்துக் கோடியைத் தாண்டிக் குழிமேட்டுப் பக்கம் அவள் போவது அதுதான் முதல் தடவை.

புதைத்த மேட்டில் யூக்கலிப்டஸ் மரங்கள் நெடுநெடுவென்று நின்றன. மழைத் தூறலில் கீழே ஒரே சேறு.

"இங்கிட்டுதான் எங்கயோ" என்றார் மாடசாமி. "சின்னப் புள்ளைங்களுக்கு அப்ப கல்லெல்லாம் நடல ஆத்தா."

அவள் ஒரு மரத்தடியில் அவருடைய கத்தியால் தோண்டினாள். பொம்மையைக் கிடத்தினாள். அது கண்ணை மூடிக்கொண்டது. சின்னியை இப்படிக் கிடத்தியபோது ராணியும் கூடவே கண்ணை மூடியிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. ஒரு நாளாவது தொட்டு விளையாடக் கொடுத்திருக்கலாமே. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, சேற்றில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். மாடசாமி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டு வந்தீங்களா?"

"சின்னி பக்கத்துலயே வச்சுட்டு வந்தேம்மா."

அம்மா அவளுடைய சேலையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு முகத்தை உற்றுப் பார்த்தாள். "கண்ணெல்லாம் செவந்து கெடக்கே. அழுதீங்களா?"

"அழுதேன்."

"யாருக்கு?"

"சின்னிக்குத்தாம்மா."

அம்மா அவளுடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் அந்தத் தொடுதலுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று சுதர்சினிக்குத்தான் தெரியும்.

"நீங்க நல்லா இருக்கணும் மிஸ்ஸி" என்றாள் அம்மா. "ஊரான் புள்ளைக்கு இப்படி அழுவுறீங்க. எனக்கும் மூத்தவ ஒருத்தி இருக்கா. தங்கச்சி செத்ததுக்கு அழாம பொம்மைக்கு அழுதவ."

சுதர்சினி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்து வந்தாள். அம்மா வாயைத் திறந்தாள். இரண்டு நாள் பசி. கடைசி வாய்வரை வாங்கிச் சாப்பிட்டாள்.