நல்ல வெளியூர்க்காரன்

2008-இல் அந்த மராத்திக் கட்சிக்கு ஒரு நல்ல வெளியூர்க்காரன் தேவைப்பட்டான். அதன் ஆட்கள் பீகார்க்காரர்களைத் தேடித்தேடி அடித்ததில் பத்திரிகைகள் கண்டபடி எழுதிவிட்டன. ஒழுங்காக உழைக்கிற வெளியூர்க்காரனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம் என்று காட்ட ஓர் ஆள் வேண்டுமே! கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருந்த தமிழர் இருதயராஜ் அகப்பட்டார். அவர் அப்பா காலத்தில் மதராஸிகள்தான் அடி வாங்கினார்கள். ஒரே எதிரியை வைத்துக்கொண்டு எத்தனை தேர்தலைத்தான் ஓட்டுவது?

இருதயராஜுக்குப் பாராட்டெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டு உள்ளறையில் ராம்ப்ரீத் ஒளிந்திருந்தான். பட்டறையில் வெல்டர், பீகார்க்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ரயில்வே ஸ்டேஷனிலேயே மடக்கி அடிக்கிறார்கள் என்பதால் ஊருக்கும் போக முடியவில்லை. அவன் அங்கே இருப்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொள்வான். இது எத்தனை நாள் தாங்கும்?

பாராட்டு விழாவுக்கு அழைக்கக் கட்சியின் வட்டாரத் தலைவர் தத்தா பாவு பட்டறைக்கே வந்தார். "ஒரு உதவி வேணும்" என்று இருதயராஜ் இழுத்தார். பாவு தோளில் கை போட்டார்.

"எதுவானாலும் மேடையில கேளுங்க. ஜனங்க முன்னாடி இல்லைன்னு சொல்வேனா?"

இருதயராஜ் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மனைவி வேதநாயகிக்கு அது பிடிக்கவேயில்லை. "சால்வையை வாங்குங்க, கும்பிடுங்க, பேசாம வந்துருங்க. இவனைப் பத்தி மூச்சு விடக்கூடாது."

"ஊரறிய வாக்கு குடுத்தா மாற முடியாதுல்லா. இன்னைக்கே ரயில் ஏறிருவான்."

"அவங்களையா நம்புதீங்க?"

"வேற யாரை நம்பச் சொல்லுத?"



மாலையில் மைதானம் நிரம்பி வழிந்தது. குழாய் ஸ்பீக்கரை இருதயராஜ் வீட்டுச் சந்து வரைக்கும் கட்டியிருந்தார்கள். சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்து, மைக்கை நீட்டினார்கள். இருதயராஜ் மராத்தியில் பேசினார். "என் வீட்டில் ராம்ப்ரீத் என்று ஒருவன் இருக்கிறான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். அவனைப் பத்திரமாக ரயில் ஏற விடுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்." குரல் உடைந்து அழுதேவிட்டார்.

பாவு ஒரு கணம் திருதிருவென முழித்தார். அரசியல்வாதியாயிற்றே, உடனே சுதாரித்து மைக்கை வாங்கினார். "இருதயராஜின் விருந்தாளி நம் விருந்தாளி! அவன் மேல் ஒரு தூசி படாது!"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பாவு அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். பின்வரிசையில் சில இளைஞர்கள் எழுந்து அவர் சந்துப் பக்கம் போவது மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. இருதயராஜ் கையை இழுத்தார். பாவு விடவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உதறிக்கொண்டு இறங்கி ஓடினார். பாராட்டுப் பெற்றவர் என்று கூட்டம் மரியாதையாக வழிவிட்டது.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அதை யாரும் உடைத்திருக்கவில்லை. ராம்ப்ரீத் வாசலில் அசைவில்லாமல் கிடந்தான். வேதநாயகி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"கதவை ஏன்டீ திறந்தே?" என்று இருதயராஜ் அலறினார்.

"நான் திறக்கலை. ஸ்பீக்கர்ல உங்க குரலைக் கேட்டான். தூசி படாதுன்னு அவரு சொன்னதும், அண்ணன் என்னைக் காப்பாத்திட்டாருன்னு பையைத் தூக்கிட்டு அவனேதான் திறந்தான்."