மேனுகா தெரிந்தெடுத்த போன்

சுனாமி வந்து நான்கு மாதம் கழிந்திருந்தது. மட்டக்களப்பில் இயங்கிய ஒரு சிறிய நிவாரண அமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து நான்கு கைக்கணினிகள் வந்து சேர்ந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. திரையில் சின்னக் குச்சியால் எழுதலாம். எழுதியதைச் சேமித்து வைக்கலாம். ஆனால் அதிலிருந்து யாருக்கும் எதையும் அனுப்ப முடியாது.

அந்தக் குறைதான் மேனுகாவை வாட்டியது. அவளும் காத்தான்குடி ஹஸீனாவும் கரையோரக் கிணறுகளில் உப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பதிகிறவர்கள். கடல் புகுந்த கிணறுகள் இன்னும் தேறவில்லை. அவர்கள் கொண்டுவரும் அளவைப் பார்த்துத்தான் எந்த ஊருக்குப் பவுசர், அதாவது தண்ணீர் லொறி, போகவேண்டும் என்று அலுவலகம் முடிவெடுக்கும். வாகரையில் பதிந்தது மட்டக்களப்புக்கு வந்து சேர, சோதனைச்சாவடிகளையும் உடைந்த தெருவையும் தாண்டி வான் திரும்பவேண்டும். அதற்குள் பவுசர் வேறெங்காவது போய்விட்டிருக்கும்.

இணைப்பாளர் வினாயகமூர்த்தி ஒருநாள், கைக்கணினியிலிருந்து செய்தி அனுப்ப உதவும் மூன்று மாதிரிக் கருவிகளை மேசையில் பரப்பினார். கொழும்புக் கடையொன்று பார்த்துவிட்டுத் தரச் சொல்லி அனுப்பியவை.

"பாவிக்கப் போறது நீங்க ரெண்டு பேரும்தான். மேனுகா, நீயே தெரிஞ்செடு புள்ள."

மேனுகாவுக்கு வயது இருபத்துநான்கு. தேற்றாத்தீவில் அவர்கள் இருந்த வீட்டைக் கடல் அத்திவாரத்தோடு எடுத்துவிட்டது. தாய் சீதேவிப்பிள்ளை தகரக் கொட்டிலில் இருக்கிறாள். எந்தப் பாடம் படிப்பது என்பதை மாமாதான் முடிவு செய்தார். இந்த வேலைக்குச் சேரச் சொன்னதும் அவர்தான். நீயே தெரிந்தெடு என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முதலாவது, கைக்கணினியின் பக்கத்தில் செருகும் மெல்லிய அட்டை. டேட்டா மட்டும் அனுப்பும், பேச முடியாது. அதை அவள் உடனேயே தள்ளி வைத்தாள்.

"கதைக்க ஏலாத போனை வச்சு என்ன செய்யிற? வான் மணலுக்குள்ள இறுகினா ஆரைக் கூப்பிடுற?"

இரண்டாவது, கைக்கணினியின் முதுகில் உறைபோல மாட்டுவது. மாட்டியதும் இரண்டும் ஒன்றாகிவிடும், பேசலாம், அனுப்பலாம். மூன்றாவது வெறும் போன். புளூடூத் மூலம் கைக்கணினியோடு கம்பியில்லாமல் இணையும். பார்வைக்கு ஒன்றுமில்லை, கனத்த, கறுத்த போன்.

ஹஸீனா உறையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இதுதான் வடிவா இரிக்கி. ரெண்டு சாமானைத் தூக்கித் திரியத் தேவல்ல."

"எனக்கும் அதான் புடிச்சிரிக்கு" என்றார் வினாயகமூர்த்தி. "உதவி தாற ஆக்களுக்கும் அதைத்தான் சொல்லி வச்சிரிக்கன்."

மேனுகா இரண்டையும் கையில் எடுத்தாள். "ஒருக்கா வாகரைக்குக் கொண்டு போய்ப் பாத்துட்டுச் சொல்லுறன் சேர். இஞ்ச ரவுணுக்குள்ள எல்லாந்தான் வேலை செய்யும்."

அவர் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் மேனுகாவும் ஹஸீனாவும் புறப்பட்டார்கள். சாரதி அழகரத்தினம் வானை ஓட்டினார். சோதனைச்சாவடியில் இரண்டு கருவிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மேனுகா பொறுமையாக விளக்கிய பிறகுதான் விட்டார்கள். வாகரைக்குக் கிட்ட ஒரு முகாமில் இறங்கியதும் புஸ்பம் என்ற பெண் ஓடிவந்தாள். முகாமின் சமையலை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பவுசர் ரெண்டு நாளா வரல்ல தங்கச்சி. இந்தக் கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கம். புள்ளையளுக்கெல்லாம் வயித்தால போகுது."

மேனுகா கிணற்று நீரை வாளியில் எடுத்து அளவுக்கருவியை வைத்தாள். போன கிழமை இறங்கியிருந்த உப்பு மறுபடி ஏறியிருந்தது. அந்தப் பழைய அளவை நம்பித்தான் அலுவலகம் பவுசரை வேறு ஊருக்குத் திருப்பியிருக்கிறது.

"ஹஸீனா, உறையை மாட்டு. இப்பவே அனுப்புவம்."

சிக்னல் இல்லை. கடற்கரைக்கு நடந்தார்கள். இல்லை. தண்ணீர்த் தாங்கி வைத்திருந்த மரமேடையில் மேனுகா ஏறி, கையை நீட்டி உயர்த்திப் பிடித்தாள். ஒரு கோடு தெரிந்தது. அனுப்புவதற்குத் திரையைத் தொட வேண்டுமே! கையை இறக்கினாள், கோடு மறைந்தது. நான்கைந்து முறை செய்து பார்த்தும் அதுவேதான்.

அவள் மேடையில் நின்றபடி கீழே கிடந்த கறுத்த போனைப் பார்த்தாள். சட்டென்று அவளுக்குப் பிடிபட்டது.

"அழகரத்தினம் அண்ணே, ஒரு நீட்டுக் கம்பு கொண்டாங்க!"

வலை உலர்த்தும் மூங்கில் ஒன்று கிடைத்தது. போனைப் பொலித்தீன் பையில் போட்டு, மூங்கில் நுனியில் ஹஸீனா தன் கைக்குட்டையால் இறுகக் கட்டினாள். அழகரத்தினம் மேடையில் ஏறி மூங்கிலை நிமிர்த்திப் பிடித்தார். மேனுகா கீழே நின்று கைக்கணினியில் எழுதினாள்: கிணற்றின் அளவு, நோயுற்ற பிள்ளைகள், பவுசர் உடனே வேண்டும்.

முதல்முறை இணைப்பு அறுந்தது.

"கொஞ்சம் தெக்கால சரிச்சுப் புடிங்க அண்ணே! வாழைச்சேனைப் பக்கம்!"

இரண்டாம்முறை செய்தி போய்விட்டது. திரையில் அதைக் கண்டதும் ஹஸீனா "அல்லாஹ்!" என்று கத்தி மேனுகாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கொஞ்ச நேரத்தில் மூங்கில் உச்சியில் போன் அடித்தது. அழகரத்தினம் பதறி இறக்கினார். பாதியிலேயே அழைப்பு அறுந்துவிட்டது. முகாமே சிரித்தது. மறுபடி உயர்த்தியதும் கைக்கணினிக்கு வினாயகமூர்த்தியின் பதில் வந்தது. வந்தாறுமூலையில் நின்ற பவுசரைத் திருப்பிவிட்டாராம்.

பொழுது சாய முன்னர் பவுசர் வந்தது. குடங்களோடு சனம் வரிசை கட்டியது. புஸ்பம் மேனுகாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பவுசர் சாரதியிடம் காட்டினாள்.

"இந்தப் புள்ளதான் உங்களைக் கூப்பிட்ட. கம்பில போனைக் கட்டிக் கூப்பிட்டவ."

மேனுகாவுக்கு வெட்கம் வரவில்லை. நிமிர்ந்துதான் நின்றாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் மேனுகா வாயைத் திறக்க முன்னரே வினாயகமூர்த்தி கேட்டார். "கறுத்த போன்தானே?"

"ஓம் சேர். உறை நல்ல சாமான்தான். ஆனா சிக்னல் இரிக்கிற இடத்தில நாம நிக்கணும். இது அப்படியில்ல. போனைச் சிக்னல் இரிக்கிற இடத்தில வச்சிட்டு நாம வேலை செய்யலாம்."

அவர் எழுந்து நின்றார். "இதை அப்படியே உதவி தாற ஆக்களுக்கு எழுதப்போறன். எங்கட மேனுகாட முடிவு எண்டும் எழுதுவன்."

நான்கு போன்கள் வந்தன. வைகாசி முடிவதற்குள் கல்முனையிலும் திருக்கோவிலிலும் கிணறு பார்த்தவர்கள் இந்த முறையைப் பழக வந்தார்கள். இருபது பேருக்கு முன்னால் மேனுகா நின்று மூங்கிலை நட்டுக் காட்டினாள்.

அந்த வார இறுதியில் தேற்றாத்தீவுக்குப் போனபோது அயல் கொட்டில் பெண்களோடு தாய் பேசிக்கொண்டிருந்தாள். மகள் வருவதைக் கண்டதும் குரலை உயர்த்தினாள்.

"இஞ்ச வாகா புள்ள. இவளுகளுக்குச் சொல்லு. அந்தப் போனை ஆரு தெரிஞ்செடுத்த?"

"நான்தான்மா" என்றாள் மேனுகா. கடைசிக் கொட்டிலில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.