அம்மாக்கண்ணு மறுபடி சொன்னது

கரண்ட் போய்த் திரை கறுத்த பிறகும் பஸ்மிலாவின் விரல்கள் இன்னும் இரண்டு எழுத்துகளைத் தட்டின. எதிரே அமர்ந்திருந்த அம்மாக்கண்ணு எதையும் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவளை நிறுத்த பஸ்மிலாவுக்கு மனம் வரவில்லை.

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்வரிசை வீடுகள் போனதிலிருந்து, மிஞ்சிய குடும்பங்கள் நாலு மாதமாகப் பள்ளிக்கூடத்தில்தான் கிடந்தன. அவர்களைப் பழைய இடத்துக்கே அனுப்புவதா, வேறு காணி கொடுப்பதா என்று மறுநாள் ஹட்டனில் கூட்டம். லயத்து ஆட்களுக்காகப் பேசப்போகிறவள் அம்மாக்கண்ணு. அங்கே தனக்குக் குரல் எழாவிட்டால் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றுதான், நோர்வூட்டில் பஸ்மிலா நடத்தும் டைப்பிங் கடைக்கு வந்து, காலையிலிருந்து சொல்லச் சொல்ல அடிக்க வைத்திருந்தாள். அந்தப் பேச்சில் லயித்துப்போன பஸ்மிலா சேமிக்க மறந்துவிட்டாள்.

"அக்கா, கரண்ட் போயிட்டு. நான் சேவ் பண்ணல்ல."

"அப்படின்னா?"

"அடிச்சதெல்லாம் போயிருக்கும். என்ட பிழதான்."

அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மறுபடி சொல்ல என்னால ஆகாது தங்கச்சி. ஒருவாட்டி சொன்னதே பெருசு."

மத்தியானம் கரண்ட் வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி பஸ்மிலா கம்ப்யூட்டரைப் போட்டாள். புதிதாய்த் திறந்த பக்கம் வெறுமையாக இருந்தது. சேமிக்காத வேலையை மீட்டெடுக்க உள்ளே ஒரு வழி உண்டு என்று எப்போதோ படித்த ஞாபகம். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து மூடினாள். கடைசியில், பெயரில்லாத ஒரு கோப்பு அகப்பட்டது.

'வணக்கம். நான் கொழுந்து பறிக்கிறவ' என்று தொடங்கியது. சுவரில் விட்ட வெடிப்பு, விடாத மழை, தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னது, எல்லாமே இருந்தன. 'அன்னிக்கு விடியக்காலம் எங்க வீட்டுக்காரரு' என்ற இடத்தில் நின்றுபோயிருந்தது.

"மெஷின் இடைக்கிடை தானா எடுத்து வைக்கிறது அக்கா. இவ்வளவுதான் ஈக்கி. இதோட முடிச்சிருவமா?"

அம்மாக்கண்ணு திரையருகே குனிந்து வாசித்தாள். அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை.

"பாதியில விட்டா, அவரு இன்னமும் மண்ணுக்குள்ளயே கெடக்குற மாதிரி இருக்கு" என்றாள். "அடிங்க, சொல்றேன்."

இந்தத் தடவை எழுந்து நின்று சொன்னாள். காலையில், புருஷன் சோலைமலையை மண்ணிலிருந்து எப்படி எடுத்தார்கள் என்பதைத்தான் சொல்லியிருந்தாள். இப்போது, வெளியே ஓடி வந்துவிட்ட மனிதர் ஏன் திரும்பிப் போனார் என்பதைச் சொன்னாள். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனார், கடைசிக் காம்பராவிலிருந்து வேலாயி நிறைவயிற்றோடு வெளியே வந்தாள், அவர் வரவில்லை.

பஸ்மிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சேமித்தாள். "வேற என்ன போட அக்கா?"

"வேலாயி புள்ள பள்ளிக்கூடத்துலதான் பொறந்துச்சு. இப்ப குப்புற விழுது. அது தவழுறதுக்கு நல்ல தரையா ஒண்ணு வேணும்னு போடுங்க."

பிரிண்டர் தாளைத் தள்ளியது. சூடு ஆறாத தாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒத்திகை பார்ப்பதுபோல அம்மாக்கண்ணு உரக்க வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரியில் தடுமாறிய குரல் போகப்போக நிமிர்ந்தது. மழைக்காகக் கடை வாசலில் ஒதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். மழை விட்டதைக் கவனிக்காமல் ஒருவர் விரித்த குடையோடே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.