தோலோடு நிற்காத புண்

"ஏனுங்க மாமா, இது அக்கியேதானுங்க. காவி எழுதுனா ஆறிப்போயிரும்."

"பூச்சி கடிச்சதெல்லாம் அக்கியா? உங்க ஊட்டுல மூக்கு ஒழுகுனாக்கூட அக்கி எழுதுவீங்களாட்ட இருக்குது அம்மணி!"

ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் என் கணவர் மதன்குமாரும் இப்படித்தான் சிரித்துப் பேசினோம். அவருக்கு ஆனைமலைக்கு மேலே எஸ்டேட்டில் வேலை. மாதம் இரண்டு நாள் துடியலூர் வீட்டுக்கு வருவார். நான் இங்கே அத்தையோடு. அவர் முழங்கையில் வலியே இல்லாத, ஆறாத ஒரு புண். அக்கி எழுதும் குயவரிடம் கூட்டிப்போய் மூன்று முறை காவி குழைத்து எழுத வைத்தேன். காவிக்கு அடியில் புண் தெரியாமல் போனதை ஆறிவிட்டது என்றே நம்பினேன்.

காவி உதிர்ந்தபோது புண் பெரிதாகியிருக்கவே, சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்து ஸ்கேனும் எடுத்தோம். இன்று ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் டெய்சி அந்த ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அக்கி இல்லைங்க நித்யஸ்ரீ. மணல் ஈ கடிச்சு வர்ற ஒட்டுண்ணி. வடக்கே இது மண்ணீரல், கல்லீரல்னு உள்ளே போயிரும். நம்ம மலைப்பக்கத்து வகைக்கு மரபணு கொஞ்சம் வேற. பெரும்பாலும் தோலோட நின்னுக்கும்."

"அப்பாடா!" என்றேன்.

டாக்டர் முகம் மாறவில்லை. "மரபணுச் சோதனையில இது அந்த ரெண்டு வகையும் கலந்ததுன்னு வந்திருக்குங்க. ஸ்கேன்ல மண்ணீரல் வீங்கியிருக்கு. காய்ச்சல் எத்தனை நாளா?"

"காய்ச்சலே இல்லைங்களே!"

"ரெண்டு மாசமாங்க," என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர், தரையைப் பார்த்தபடி.

இரண்டு மாதம்! தினமும் போனில் "சாப்பிட்டியா அம்மணி?" என்று கேட்டது காய்ச்சலில் கிடந்துகொண்டா?

"மருந்து இருக்குங்க, குணமாயிரும். இன்னைக்கே அட்மிட் ஆயிருங்க," என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார்.

"சொன்னா நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லலை. நல்லானதும் நான் மலைக்குப் போயிருவேன். நீ எப்பவும்போல அம்மாகூட இரு."

எப்பவும்போல. கல்யாணமாகி ஏழு வருடம், அத்தை என்ன நினைப்பாரோ என்று வாய்வரை வந்ததை விழுங்கியே பழகிவிட்டேன். அவர் சட்டைக் கையில் நான் எழுத வைத்த காவியின் கறை இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

"ஏனுங்க மாமா," என்றேன். "ஈ கடிக்காம வலை கட்டிக்கலாமுங்க. என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க."