அழுதுகொண்டே அக்கா என்றவன்

எங்கள் ஆபீசில் எனக்குப் பூட்டு மேடம் என்று பெயர். தகவல் பாதுகாப்பு என் பொறுப்பு. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டரிலேயே ஒட்டி வைக்கிற ஜென்மங்களுக்கு எதைச் சொல்லி உறைக்க வைப்பது? பரிசு கொடுத்தேன், கெஞ்சினேன், கத்தினேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

என் வகுப்பில் கொட்டாவி விடாதவள் ஒருத்திதான், பில் போடுகிற பெண். அடிக்கிற புருஷனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள். "வீட்டு அட்ரஸ் மட்டும் வெளிய போயிடக் கூடாது மேடம். கண்டுபிடிச்சான்னா கொன்னே போட்டுடுவான்" என்றாள்.

"நான் இருக்கேன்ல, பயப்படாதே" என்றேன், பெரிய இவள் மாதிரி.

ஆபீஸ் வேனுக்காக அந்த அட்ரஸ் ரிசப்ஷன் பெண்ணிடமும் இருந்தது. யார் கேட்டாலும் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

நேற்று மகளுக்குக் காய்ச்சல் என்று பில் போடுகிறவள் லீவு. அந்த நேரம் பார்த்து ரிசப்ஷனுக்கு ஒரு போன். அவளோட தம்பி பேசுகிறேன், அம்மா சாகக் கிடக்கிறாள், அவள் போனை எடுக்கவில்லை என்று ஒரே அழுகை. நம் மகராசி அட்ரஸோடு விட்டாளா? மருந்துக்கடைக்கு அடுத்த சந்து, பச்சை கேட், மாடி என்று வழியும் சொல்லியிருக்கிறாள். பேசியது அந்தப் புருஷன்.

அவன் கதவை உடைத்தபோது கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் அவள் மகளோடு தப்பி ஓடிவிட்டாள்.

"அறிவிருக்காடி உனக்கு? எத்தனை வாட்டி சொன்னேன்!" என்று பாய்ந்தேன்.

"என்னையே அக்கா, அக்கான்னு கூப்பிட்டு அழுதான் மேடம்" என்று ரிசப்ஷன் பெண் தேம்பினாள். "வாய் நிறைய அக்கான்னு கூப்பிடறவன்கிட்ட எப்படி மேடம் முடியாதுன்னு சொல்றது?"

திருட்டு ஈமெயில், திருட்டு லிங்க் என்று எல்லாவற்றையும் வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அக்கா என்று அழுகிறவனை எந்தப் படத்தில் காட்டுவது?

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து அவளே பேசினாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே குழந்தை இருமுவது கேட்டது.

"உயிரோட இருக்கோம் மேடம். இனிமே வேலைக்கு வரல."

"எங்கம்மா இருக்கே? சொல்லு, இப்பவே கிளம்பி வரேன்."

குழந்தையை ஏதோ சொல்லி அடக்கினாள்.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.