அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய மாதா

ஜெபமாலை மாதம் பிறந்துவிட்டால் மகளிர் பல்கலைக்கழகத்துப் பின்கேட் சந்தில் ஒரு வழக்கம். பங்குக் கோயிலிலிருந்து வரும் மாதா சுரூபம் முதல் நாள் அமலியின் வீட்டில் தங்கும். சந்தின் கிறிஸ்தவக் குடும்பங்களெல்லாம் சேர்ந்த ஜெபக் கூட்டத்துக்கு, அதாவது அன்பியத்துக்கு, அவள்தான் தலைவி. மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியும் பாட்டுமாக வந்து மாதாவை எடுத்துப் போவார்கள். அதற்கடுத்த நாள் அதற்கடுத்த வீடு. இப்படியே அக்டோபர் முழுக்கச் சுற்றி, கடைசி நாள் மறுபடி தலைவி வீட்டுக்கு வந்து சேரும். வைத்திருப்பவர் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கக் கூடாது. வேண்டுகிறவர்கள்தான் வந்து, கேட்டு, எடுத்துப் போக வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது, மீறியவர் கிடையாது.

இந்த அக்டோபரில் மாதா வந்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் அமலி வீட்டு மேசையை விட்டு நகரவில்லை. நகர்வதற்கு அடுத்த வீடு வேண்டுமே! சந்தில் இப்போது அமலியின் வீடு ஒன்றுதான் நின்றது.

கோயிலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஃபாதருக்கு இது தெரியாது. சுரூபத்தைக் கையில் கொடுக்கும்போது, "நாளைக்கு எந்த வீட்டுக்காரங்க எடுப்பாங்க?" என்று கேட்டார். "யாராச்சும் வருவாங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டு அமலி விறுவிறுவென்று நடையைக் கட்டினாள். பொய் என்று சொல்ல முடியாது. வருவார்கள் என்ற நினைப்பு அவளுக்கு உள்ளூர இருக்கத்தான் செய்தது. தினமும் சாயங்காலம் வீட்டைப் பெருக்கி, சுண்டல் வேகவைத்து, மாதாவைச் சுற்றியிருந்த சீரியல் லைட்டைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். பனிமூட்டம்தான் வந்து எட்டிப் பார்த்தது. ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் சேர்ந்து மறு பாதியைச் சொல்வது முறை. இப்போது இரண்டு பாதியும் அமலியே. தன் குரலுக்குத் தானே பதில் சொல்வது ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. அவ்வளவு சுண்டலையும் ஒருத்தியாகத் தின்ன முடியாமல் மறுநாள் காலையில் குருவிகளுக்குப் போட்டாள்.

சந்து எப்படிக் காலியானது என்றால், பல்கலைக்கழகம் வளர்ந்தது. அதைக் குறை சொல்ல முடியாது, பிள்ளையென்றால் வளரத்தான் செய்யும். முதலில் நாலு வகுப்பறை, ஒரு மணிக்கூண்டு என்று சாதுவாகத்தான் இருந்தது. அப்போது படிக்க வந்த பெண்கள் சந்தில்தான் அறையெடுத்துத் தங்கினார்கள், சந்தில்தான் சாப்பிட்டார்கள். அருள்பிரகாஷ் ஜெராக்ஸ் கடை போட்டான். பெர்லின் மெஸ் நடத்தினாள். அமலியின் கணவர் ஆரோக்கியதாஸ் பல்கலைக்கழகத்து வேன் ஓட்டினார். பிறகு ஆராய்ச்சி வந்தது. சோலைக்காட்டுச் செடிகளில் என்னவோ மருந்து இருக்கிறதென்று டெல்லியிலிருந்து நிதி வந்தது, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கண்ணாடி வீடுகள் முளைத்தன. உள்ளேயே பெரிய ஹாஸ்டலும் கேன்டீனும் கட்டியபோது சந்தின் அறைகளில் தங்க ஆளில்லை, மெஸ்ஸில் இலை போட ஆளில்லை. அந்த நேரம் பார்த்து, சந்தை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பல்கலைக்கழகமே கேட்டது.

அமலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆரோக்கியதாஸ் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பியிருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. பக்கத்துச் சுவரில் பெர்லினின் குக்கர் விசில் கேட்டுத்தான் அவளுக்குப் பொழுது விடியும். இவர்கள் போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்று நினைத்தவள், அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒரு காரியம் செய்தாள். மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, சுரூபத்தின் பாதத்தில் கைவைக்கச் சொல்லி, "வீட்ட விக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினாள். எல்லாரும் வைத்தார்கள். அமலி அக்கா கூப்பிட்டு யார் மாட்டேன் என்பது? ஒருவருக்கும் முகத்தில் ரத்தமில்லை. அதை அவள் பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொருவராக விற்றார்கள். கடன் உடன், பிள்ளைகள் படிப்பு, அவரவர் நியாயம் அவரவருக்கு. ஆனால் ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே அமலி முதல் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து வண்டியில் சாமான் ஏற்றினார்கள். அவள் கோயிலிலிருந்து திரும்பும்போது ஒரு வாசலில் புதுப் பூட்டுத் தொங்கும். அப்புறம் அந்த வாசலே இருக்காது. பெர்லின் பெருமாள்மலைக்குப் போனாள், அருள்பிரகாஷ் வத்தலக்குண்டுக்கு, மற்றவர்கள் திண்டுக்கல் பக்கம். போனவர்கள் போனும் செய்யவில்லை. திருவிழாவில் பார்த்தால்கூடக் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டார்கள். காசு வந்ததும் ஆளை மறந்துவிட்டார்கள் என்று அமலி கறுவினாள். அந்தக் கறுவலில்தான், பல்கலைக்கழகக் கட்டடப் பிரிவு அதிகாரி ராஜமுருகன் வீடு தேடி வந்தபோதெல்லாம், "எம் பொணத்து மேலதான் கட்டணும்" என்று சத்தம்போட்டுத் திருப்பி அனுப்பினாள். போன மாதம் வேலையாட்கள் அவள் வேலியை ஒட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர்களுக்கும் மண்டகப்படி நடந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே கயிற்றை ஓரடி தள்ளிக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமலி சந்தைக்குப் போனாள். கவுஞ்சியிலிருந்து வந்திருந்த கேரட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு முதுகு அவளைப் பார்த்ததும் சட்டென்று திரும்பியது. அந்த முதுகை எத்தனை வருஷமாகத் தெரியும் அவளுக்கு.

"ஏலே அருளு! நில்லுலே!"

அருள்பிரகாஷ் நின்றான். சரக்கெடுக்க வந்தானாம். கையில் பை, கண் தரையில்.

"ஒரு வார்த்தை பேசுனா ஒன் சொத்து கொறஞ்சிருமாக்கும்? மாதா வந்து எங்கிட்டயே கெடக்கு. எடுக்க ஒருத்தருக்கும் தோணல. அப்படி என்னடா செஞ்சேன் ஒங்களுக்கு?"

"நீங்க ஒண்ணும் செய்யலக்கா" என்றான். பிறகு தைரியம் வந்தவன்போல நிமிர்ந்தான். "மாதா கால்ல கைய வச்சுச் சத்தியம் பண்ணிட்டு வித்தவங்க நாங்க. ஒங்க மொகத்தப் பாத்தா அந்த மெழுகுவத்திதான் தெரியுது. எப்படிக்கா வாறது? பெர்லின் அக்கா ரெண்டு மூணு வாட்டி ஒங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு. தெரியுமா ஒங்களுக்கு?"

அமலிக்குத் தெரியாது. கேரட் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

அன்று முழுவதும் மாதாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். யாரும் போய்விடக் கூடாதென்றுதான் சத்தியம் வாங்கினாள். போனவர்களைத் திரும்பி வரவிடாமல் அடித்தது அதே சத்தியம்தான். அவர்கள் நன்றி கெட்டவர்கள் என்று இத்தனை நாள் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழுதாள். கேட்க ஆளில்லாத வீட்டில் அழுவதில் ஒரு சௌகரியம், சத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் பெர்லினுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பெர்லின் எடுத்தாள்.

"பெர்லினு, நானும் வீட்ட விக்கக் கையெழுத்துப் போட்டுட்டேன்டி" என்றாள் அமலி.

இப்படிச் சொல்லப்போகிறோம் என்று நினைத்து அவள் போனை எடுக்கவில்லை. சத்தியத்தை விட்டுவிடு, உன்மேல் எனக்குக் கோபமில்லை என்றுதான் சொல்ல வந்தாள். ஆனால் மன்னித்தேன் என்று சொல்ல, மேலே நிற்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு மேலே நின்று நின்று கால் வலித்துப் போயிருந்தது.

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான். மாதா சும்மா கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போ, வெரசா."

அன்று சாயங்காலம் வேனில் வந்தார்கள். பெர்லின் தனியாக வரவில்லை. அருள்பிரகாஷ், அவன் மனைவி, திண்டுக்கல் போனவர்கள், எல்லாரும். சந்து இருந்த இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. அவரவர் வீடு இருந்த இடத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் வந்தார்கள். பெர்லின் உள்ளே நுழைந்ததும் அமலியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் நல்லவங்களா இருந்துக்கிட்டு எங்கள எல்லாம் கெட்டவங்களாக்கிட்டீங்களேக்கா. இப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு."

வீடு நிறைய ஆட்கள். செருப்புகள் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சுண்டல் பற்றாமல் போனது, அந்தச் சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்வது! ஜெபமாலையில் அமலி முதல் பாதியைச் சொன்னதும் மறு பாதி கூட்டமாக எழும்பி ஓட்டில் இடித்தது. அடுத்தது அவளுக்கு மறந்துபோக, பெர்லின்தான் எடுத்துக் கொடுத்தாள். போகும்போது எல்லாரும் மாதாவின் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள், பயமில்லாமல்.

"எங்க பக்கத்து வீடு காலியாத்தான் கெடக்குக்கா. சொல்லி வச்சிர்றேன். அடுத்த மாசமே வந்துருங்க" என்றாள் பெர்லின், சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறும்போது. அமலி தலையாட்டினாள். மனசு அதற்குள்ளேயே பெருமாள்மலைக்குப் போய் அடுப்பு மூட்டிவிட்டது. வேன் போன பிறகு மேசையில் சுரூபம் இருந்த இடம் மட்டும் தூசில்லாமல் வட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடி நின்றாள். சொன்ன பொய்யை நாளைக்கே மெய்யாக்கிவிட வேண்டும். அவ்வளவுதானே, ஒரு கையெழுத்து.

காலையில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். ராஜமுருகன் அவளைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார்.

"உக்காருங்கம்மா. மறுபடி வேலிய ஏதும் தொட்டுட்டாங்களா?"

"இல்லங்க சார். வீட்டக் குடுத்துர்றேன். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. கோபமாக இருந்திருந்தால்கூட அமலிக்குத் தாங்கியிருக்கும். அது இரக்கம்.

"அம்மா, நீங்க அத்தனை வாட்டி மாட்டேன்னு சொன்னதுக்கப்புறம் நானே மேல எழுதிக் கேட்டு பிளானை மாத்தி வாங்கினேன். வயசானவங்க, தனியா இருக்காங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு. ஒங்க இடத்த விட்டுட்டு மூணு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் வருது. கயிறு கட்டிருக்காங்களே, பாக்கலியா? பணமெல்லாம் ஒதுக்கி முடிச்சாச்சு. இனிமே யாரும் ஒங்கள வந்து கேக்க மாட்டாங்க. நிம்மதியா இருங்கம்மா."

நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வேறு என்ன சொல்வது? மூன்று பக்கமும் சுவர் வரப்போகிற வீட்டை வேறு எவன் வாங்குவான்? வரும் வழியில் கயிற்றைப் பார்த்தாள். கயிறு வீட்டைச் சுற்றி ஒழுங்காகத்தான் போயிருந்தது. ஓரடி தள்ளிக் கட்டச் சொல்லிச் சண்டை போட்டவளும் அவள்தான்.

சாயங்காலம் போன் அடித்தது. பெர்லின்தான். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம்.

"அக்கா, ஹவுஸ் ஓனர்ட்ட பேசிட்டேன். எப்ப வாரீங்கன்னு கேக்குறாரு."

அமலி காலி மேசையைப் பார்த்தாள். இன்னொரு பொய் சுலபமாக நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

"பெர்லினு, நான் கையெழுத்துப் போடலடி. ஒங்கிட்டச் சும்மா சொன்னேன். நீங்கள்லாம் வரணுமேன்னு சொன்னேன். இன்னைக்குப் போடப் போனேன். அவங்களுக்கு என் வீடு வேண்டாமாம்."

அந்தப் பக்கம் ஆட்கள் பேசுகிற சத்தம் தள்ளிப் போனது.

"அப்ப நீங்க விக்கல" என்றாள் பெர்லின்.

"விக்கல."

"மாதாவ வச்சுக்கிட்டே பொய் சொல்லிருக்கீங்க."

"ஆமா. மாதா பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

யாரோ உள்ளிருந்து, "நேரமாச்சு, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்கள். பெர்லின் கோபித்தாளா, அழுதாளா என்று அமலிக்குப் பிடிபடவில்லை. "ஜெபத்துக்கு நேரமாச்சுக்கா" என்று மட்டும் சொன்னாள். போனை எங்கோ பலகைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. ஆனால் இணைப்பை வெட்டவில்லை.

பெருமாள்மலையில் பெர்லினின் குரல் முதல் பாதியைச் சொல்ல ஆரம்பித்தது. அமலி விளக்குப் போடாத வீட்டில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அங்கே யாருக்கும் கேட்காதென்று தெரிந்தும், மறு பாதியைச் சத்தமாகச் சொன்னாள்.