மூங்கில் தும்பி ஏவிய நாள்

காற்று அடங்குவதாக இல்லை. தீவின் தென்கோடியில் ராக்கெட் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. நேரலையை நடத்திக்கொண்டிருந்த யாசுயோவிடம் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஞ்சின் பிரிவுத் தலைவர் முனகாதா, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர். போன வருடம் அவருடைய ராக்கெட் கடலில் விழுந்தபின் அதுவும் குறைந்துபோயிருந்தது.

"முனகாதா-சான், சின்ன வயசுல என்ன வெச்சு விளையாடுவீங்க?" என்று வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"மூங்கில் தும்பி. காம்பை உருட்டி விட்டா இறக்கை சுத்தி மேல பறக்குமே, அது." கொஞ்சம் யோசித்தார். "ஒரே கட்ட ராக்கெட். ஏவுதளம் ரெண்டு உள்ளங்கை. எரிபொருள் எச்சில்."

"எச்சிலா?"

"துப்பித் தேய்க்கலேன்னா காம்பு வழுக்கும். எங்க அண்ணன் எச்சில்தான் உயர்ந்த ரகம்."

யாசுயோ சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"காகித பலூன்?"

"எரிபொருள் தொட்டி. ஓட்டை விழுந்தா சோத்துப் பருக்கையால ஒட்டணும்."

"ஊதினா நீளுமே, சுருள் பீப்பி?"

"விண்வெளி நிலையத்தோட இணையறதுக்கு. அனேகமா யார் மூக்குலயாவது இணைஞ்சிடும்."

அப்போது மீனவர் சங்கத் தலைவர் இசோபே தொலைபேசியில் வந்தார். "உங்க ராக்கெட் போற வரைக்கும் கடலுக்குப் போகக் கூடாதுன்னு எங்க படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு. நீங்க பொம்மைக் கதை பேசிட்டிருக்கீங்களா?"

யாசுயோ முந்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க, இசோபே-சான்."

"அது கெடக்கட்டும். பம்பரத்தைப் பத்தி ஏன் கேக்கலே? கேளு கேளுன்னு இங்க எல்லாரும் என் உயிரை வாங்குறானுங்க."

பிற்பகலில் ஏவுதல் ரத்தானது. யாரோ நினைவுப்பொருள் கடையிலிருந்து ஒரு மூங்கில் தும்பியை வாங்கி வந்தார்கள். முனகாதா வாசலில் கேமரா முன் நின்று உள்ளங்கையில் துப்பினார். கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் பத்திலிருந்து இறங்கு வரிசையில் எண்ணினார்கள். தும்பி நேராக மேலே போனது. கூரை உயரத்தில் காற்று அதைத் திருப்பி, ஏவுதள இயக்குநரின் கார் மேல் போட்டது.

முனகாதா கேமராவை நோக்கித் திரும்பினார். "ஏவுதல் தோல்வி. காரணத்தை ஆராய்ஞ்சிட்டிருக்கோம். எல்லாரும் மன்னிக்கணும்." இடுப்பு வளையக் குனிந்தார்.

போன வருடமும் இதே வார்த்தைகள், இதே குனிவு. சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. குனிந்தபடியே அவர் தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது சிரிப்பில் கண்ணீர் வழிந்திருந்தது.

காற்று நின்று ராக்கெட் போனது அடுத்த வாரம். ஒரு கோளாறும் இல்லாமல் சுற்றுப்பாதையை அடைந்தது. நேரலையில் தும்பியைப் பார்த்த கூட்டத்தில் பாதிகூட அதைப் பார்க்க வரவில்லை.